அவள் நிறம் டப்பாவில் இல்லையாம்

ஆரம்பப் பள்ளிகளிலும் காப்பகங்களிலும் எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு,

வணக்கம். ஆறு வயதுப் பெண் ஒருத்தியின் அம்மா எழுதுகிறேன். நான் கறுப்பு, அவள் அப்பா வெள்ளையர். அவளுக்கு என்னுடைய சுருட்டை முடி, அப்பாவின் மூக்கு, தேன் நிறம்.

போன மாதம் வகுப்பில் குடும்பப் படம் வரைந்து கொண்டுவந்தாள். அப்பாவுக்கு வெளிர் ரோஜா, எனக்குப் பழுப்பு. தன்னை மட்டும் வெறும் கோடாக விட்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "தோல் கலர்னு மிஸ் ஒண்ணு குடுத்தாங்க, அது நான் இல்ல. என் கலர் டப்பாவுல இல்லம்மா" என்றாள். அன்று இரவு தரையில் உட்கார்ந்து, பழுப்பின் மேல் பீச், அதன் மேல் கொஞ்சம் மஞ்சள் என்று தேய்த்துத் தேய்த்து, மணிக்கட்டை வைத்து ஒத்துப் பார்த்தோம். நான்காவது தாளில்தான் சரியாக வந்தது. 'தோல் நிறம்' என்று ஒரே க்ரேயானுக்குப் பெயர் வைத்திருந்த கிரயோலா நிறுவனமே 1962இல் அதை 'பீச்' என்று மாற்றிவிட்டது. வகுப்பறையில் மட்டும் அந்தப் பேச்சு இன்னும் போகவில்லை.

நிறத்தைப் பற்றிப் பேசாமலிருந்தால் பிள்ளைக்குத் தெரியாது என்று உங்களில் சிலர் நல்லெண்ணத்தோடுதான் நினைக்கிறீர்கள். ஆனால் மூன்று மாதக் குழந்தையே தான் பார்த்துப் பழகிய இனத்தவரின் முகங்களைக் கூடுதல் நேரம் பார்க்கிறது என்று 2005இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதற்குச் சொற்களை நாம்தான் கொடுக்க வேண்டும்.

சொல் என்றதும் ஒன்று. 'கலப்பினம்' வேண்டாம், அது மாட்டுக்கும் விதைக்கும் சொல்வது. 'பாதி இது, பாதி அது' என்பதும் வேண்டாம். என் மாமியார் அவளை மடியில் போட்டுக்கொண்டு, "இது என் விரல், அப்படியே என் விரல்" என்பார். என் அப்பா அவள் நடையைப் பார்த்து, "எங்க அம்மா நடை" என்பார். இரண்டு பேருக்கும் அவள் முழுப் பேத்தி.

சேர்க்கைப் படிவத்தில் ஒரு கட்டத்தை மட்டும் டிக் செய்யச் சொல்லாதீர்கள். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே 2000 முதல் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் குறிக்கலாம்.

காப்பகத்தில் இருப்பவர்களுக்கு: எங்கள் குழந்தைகளில் பலருக்குப் பிறக்கும்போதே இடுப்பிலோ பிட்டத்திலோ நீலம் பாய்ந்த மச்சம் இருக்கும். வலிக்காது, பெரும்பாலும் சில வருடங்களில் மங்கிவிடும். அதை அடிபட்ட கன்றல் என்று எடுத்துக்கொண்டு பெற்றோரைச் சந்தேகப்பட்ட கதைகள் உண்டு. சேர்க்கும்போதே கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், சுருட்டை முடியைக் காய்ந்த நிலையில் சீவாதீர்கள். ஈரப்படுத்தி, அகலப்பல் சீப்பால், நுனியிலிருந்து மேலே போங்கள்.

கடைசியாக, எனக்கு ஆறாத ஒன்று. ஒரு மாலை அவளை அழைத்துப்போக வந்தபோது, "நீங்க அவங்க வீட்ல வேலை பாக்கறவங்களா? பாப்பாவோட அம்மா வரலையா?" என்று வாசலில் கேட்டார்கள். அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அது பழகிவிட்டது. ஆனால் பாதி வழியில் அவள் நின்று, "நீ என் அம்மாதானே?" என்று கேட்டாள்.

வீட்டில் அவளுக்கு அன்புக்குக் குறையே இல்லை. அந்தக் கேள்வி வீட்டில் முளைத்ததல்ல. அடுத்த முறை எங்களைப் போன்ற ஒரு குடும்பம் வாசலில் நின்றால், "நீங்க பாப்பாவுக்கு என்ன வேணும்?" என்று பெரியவர்களைக் கேட்பதற்கு முன், "யார் வந்திருக்காங்க பாரு" என்று குழந்தையிடம் சொல்லுங்கள். அவள் ஓடிவந்து சொல்லிவிடுவாள்.

அன்புடன்,
ஓர் அம்மா