மேட்டூர் நீர்மட்டமும் எங்கள் ராகியும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் அகில இந்திய வானொலி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ‘1936இல் டில்லியில் பிறந்தது’ என்று அது தொடங்கியதைப் பார்த்ததும் பேனாவை எடுக்க வேண்டியதாயிற்று. 1936 ஜூன் 8 அன்று நடந்தது பெயர் சூட்டு விழாதான். பிள்ளை அதற்கு முன்பே பிறந்து, ஒருமுறை நொடித்தும் போயிருந்தது. 1927 ஜூலையில் பம்பாயில் ஒரு தனியார் கம்பெனி ஒலிபரப்பைத் தொடங்கி, மூன்றே வருஷத்தில் கையைச் சுட்டுக்கொண்டது. 1930இல் அரசாங்கம் அதை ஏற்க வேண்டி வந்தது. அதற்கும் முன்னால், 1924இல், சென்னையில் கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் ஒரு ரேடியோ கிளப் நடத்தினார்கள். தொடக்கத்தில் அவர்களிடம் இருந்தது 40 வாட் கருவி. பழைய டியூப்லைட் ஒன்று எரிகிற மின்சாரம்! பணமில்லாமல் கிளப் படுத்துவிட, 1930இல் சென்னை மாநகராட்சி அதைக் கையில் எடுத்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16இல்தான் வந்தது, அடுத்த வருஷம் திருச்சி.

சரி, தேதி போகட்டும். கட்டுரை முழுக்கக் கச்சேரி, நாடகம், செய்தி வாசித்தவர்கள். சரோஜ் நாராயணசாமி குரலை விட்டுவிட்டு யாரும் எழுத முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விவசாய ஒலிபரப்புக்கு ஒரே ஒரு வரியா? 1960களில் ஆடுதுறை 27 என்ற நெல்லைத் திருச்சி நிலையம் சொல்லிச் சொல்லியே டெல்டா முழுக்கப் பரப்பியது. தஞ்சாவூர்க்காரர்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பேர் வைத்துவிட்டார்கள். ஒரு ஒலிபரப்பின் பேரை விதைக்கு வைத்த ஊர் வேறு எங்கே இருக்கிறது?

எங்கள் பக்கம் கதை வேறு. நான் பென்னாகரம் வட்டத்து மானாவாரி விவசாயி, மழையை மட்டும் நம்பிப் பயிர் வைப்பவன். அப்பா தபால் ஆபீசில் வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டி ஒரு டிரான்சிஸ்டர் வைத்திருந்தார். திருச்சியைப் பிடித்தால் கரகரப்புக்கு நடுவே டெல்டாவின் நெல் பட்டங்களான குறுவை, சம்பா, அவற்றுக்குத் தண்ணீர் விடும் மேட்டூர் அணையின் நீர்மட்டம். இத்தனை அடி, இத்தனை கன அடி என்று தினமும் கேட்போம். ஒகேனக்கல் எங்களுக்குப் பஸ்ஸில் அரை மணி. அந்தக் காவிரித் தண்ணீர் எங்களைத் தாண்டித்தான் மேட்டூருக்குப் போகிறது, எங்கள் கொல்லைக்கு ஒரு சொட்டு ஏறாது. “யார் வீட்டுக் கல்யாணச் செலவையோ நம்மகிட்ட படிக்கிறான்” என்பார் அப்பா. ரேடியோ முள்ளை நகர்த்தினால் பெங்களூரு பளிச்சென்று கேட்கும். பாட்டி கன்னடப் பாட்டுக் கேட்பாள். அர்த்தம் கேட்டால் சிரிப்பாள்.

அப்புறம் தருமபுரிக்கே பண்பலை நிலையம் வந்தது, 102.5. ராகியில் குலைநோய், தக்காளியில் இலைச்சுருட்டு, மாமரத்தில் தத்துப்பூச்சி என்று எங்கள் பாடு எங்கள் பேச்சிலேயே கேட்டது அதில்தான். “கேவுரு” என்று ஒருவர் வானொலியில் சொன்னபோது வீட்டில் எல்லாரும் ஒரு நிமிஷம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அதுவரை எங்களுக்கு அது ஏட்டில் ‘கேழ்வரகு’.

செல்போன் ஆப்பில் எந்த நிலையத்தையும் கேட்கலாம், இனி உள்ளூர் நிலையங்கள் எதற்கு என்று கட்டுரையாளர் கேட்கிறார். கொல்லையில் எனக்கு டவர் கிடைப்பது ஆலமரத்தடியில் மட்டும். பட்டன் போனில் இயர்போனைச் சொருகினால் போதும், அந்த ஒயரே ஏரியல். நெட் பேக் வேண்டாம், களை எடுத்துக்கொண்டே கேட்கலாம். பண்பலை நேர்கோட்டில்தான் போகும், மலை மறைத்தால் நின்றுவிடும், அது உண்மை. மலை மறைவுக்குச் சிறு சிறு கோபுரம் வைப்பதுதான் வழி. அதைச் செய்யாமல் உள்ளூர் நேரத்தைக் குறைத்து, சென்னை நிகழ்ச்சியை வாங்கி அப்படியே ஒலிபரப்பும் வெறும் கம்பமாக நிலையத்தை ஆக்கினால், நாங்கள் மறுபடி மேட்டூர் நீர்மட்டம் கேட்க உட்கார வேண்டியதுதான்.

இன்னொன்று. எங்கள் மாவட்டத்துத் தெருக்கூத்து வாத்தியார்களில் பலருக்கு எழுபது தாண்டிவிட்டது. அவர்கள் பாடுவது ஏட்டில் இல்லை, தொண்டையில்தான் இருக்கிறது. மைக்கும் ஒலிப்பதிவு அறையும் நிலையத்தில் இருக்கின்றன, பாடவைத்துப் பதிந்து வைக்கலாம். ராத்திரி முழுக்க ஆடுகிறவர்களுக்கு ஒரு பகல் பாடுவது பெரிய விஷயமில்லை.

கட்டுரை தொடரும் என்று போட்டிருக்கிறீர்கள். அடுத்த பகுதியில் 102.5க்கும் ஒரு பத்தி ஒதுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்