மைனஸ் 3 ஏன் வலப்பக்கம் போகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அரசுப் பள்ளிகளில் 31 வருடம் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இப்போது வீட்டு மாடியில் 11-ஆம் வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் பாடத்தில் சார்புகளின் உருமாற்றம், அதாவது வரைபடத்தை நகர்த்துவதும் ஒடுக்குவதும், வந்ததும் வருடா வருடம் அதே சண்டைதான். எக்ஸ் ஸ்கொயரின் வரைபடம், கிண்ணம் மாதிரி நிற்கும் அந்தப் பரவளையம், எல்லோருக்கும் தெரியும். எக்ஸ் மைனஸ் 3 ஹோல் ஸ்கொயர் எங்கே போய் நிற்கும் என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் இடப்பக்கம் கைகாட்டுவார்கள். மைனஸ் என்றால் இடதுதானே மிஸ்!

“அடைப்புக்குள் இருந்தால் தலைகீழ், வெளியே இருந்தால் நேர்” என்று பலகையில் எழுதிப் போட்டால் பாடம் முடிந்துவிடும். நானும் பல வருடம் அப்படித்தான் முடித்தேன். மார்க்கும் வந்தது. ஆனால் சைன் வளைவரை வரும்போது அதே பிள்ளைகள் மறுபடி இடப்பக்கமே போனார்கள்.

அப்புறம்தான் ரயிலைப் பிடித்தேன். ரயில் 3 மணி நேரம் லேட் என்று வைத்துக்கொள்வோம். 8 மணிக்கு அது எங்கே இருக்கும்? வழக்கமாக 5 மணிக்கு எங்கே இருக்குமோ அங்கே. அதாவது எட்டில் மூன்றைக் கழித்துவிட்டுப் பழைய அட்டவணையைப் பார்க்கிறோம். கழிப்பது நாம், தள்ளிப்போவது ரயில். நேரத்தைப் படுக்கை அச்சில் வைத்து வரைந்தால் வளைவரை முழுவதும் 3 கட்டம் வலப்பக்கம் நகர்ந்திருக்கும். இதைச் சொன்ன பிறகு யாரும் இடப்பக்கம் போவதில்லை. எக்ஸுக்குப் பதில் 2 எக்ஸ் போட்டால் படம் ஏன் பாதியாக ஒடுங்குகிறது என்பதற்கு நான் மெனக்கெடவே வேண்டாம். செல்போனில் டூ எக்ஸ் வேகத்தில் ஓடவிட்டால் 10 நிமிட வீடியோ 5 நிமிடத்தில் முடிவது அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இரண்டும் சேர்ந்து வந்தால்தான் வம்பு. 2 எக்ஸ் மைனஸ் 6 ஹோல் ஸ்கொயர் என்றால், 6 கட்டம் நகர்த்துகிறார்கள். முனை, அதாவது கிண்ணத்தின் அடிப்புள்ளி, எங்கே, அடைப்புக்கு உள்ளே இருப்பது எப்போது பூஜ்யம் ஆகும் என்று கேட்பேன். எக்ஸ் 3 ஆகும்போது. சரி, அப்போது 3 கட்டம்தானே? இரண்டைப் பொதுவில் எடுத்து எழுதும் பழக்கம் அங்கேதான் வருகிறது.

இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. ஸ்பைரல் பைண்டிங்கில் மேலே வைக்கும் கண்ணாடி ஷீட் ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும். அதில் ஒரு பரவளையத்தை வரைந்து வரைபடத்தாள் மேல் நகர்த்தினால் போதும், மேலும் கீழும் போகும், கவிழ்த்தால் பிரதிபலிப்பு. கணினியில் வரைபடம் போட்டுக் காட்டும் ஜியோஜீப்ரா மென்பொருளும் நல்லதுதான், பாடநூலிலேயே அதற்கு இணையச் செயல்பாடு இருக்கிறது. ஆனால் ஸ்லைடரை இழுத்ததும் படம் தானாக ஓடிவிடுகிறது, பிள்ளை யோசிப்பதில்லை. எங்கே போகும் என்று நோட்டில் எழுதிய பிறகு இழுக்கட்டும்.

கோளாறு 10-ஆம் வகுப்பிலேயே தொடங்குகிறது என்பது என் எண்ணம். 8 மதிப்பெண் வரைபடக் கணக்குக்கு அட்டவணை போட்டு, புள்ளி குறித்து, இணைத்துவிட்டு வருகிறார்கள். எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 6 எக்ஸ் பிளஸ் 9 என்பது 3 கட்டம் நகர்ந்த எக்ஸ் ஸ்கொயர்தான் என்பது அந்த ஒன்பது புள்ளிகளையும் வைத்தவருக்கே தெரியாது. இது புள்ளி வைத்த பிள்ளையின் குற்றமில்லை, நாம் கேட்கவே இல்லை. அந்த 8-ல் 2 மதிப்பெண்ணை மட்டும், அட்டவணை இல்லாமல் முனையைச் சொல்லி உத்தேசமாக வரைவதற்கு ஒதுக்க முடியுமா என்று பள்ளிக் கல்வித்துறை பார்க்க வேண்டும். கேள்வித்தாளில் வந்துவிட்டால் வகுப்பறையிலும் வந்துவிடும், அது எனக்கு அனுபவம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியை,
சங்கரன்கோவில்