ஊரிலிருந்து யாராவது வந்திருக்கிறார்களா?

ஆம்ஸ்டர்டாம்
வியாழன் இரவு

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் மகள் வீட்டு முகவரிக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தது. கடையைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போவோர் வருவோரை எண்ணுகிறாயாமே! கை கல்லாவை விட்டாலும் கண் விடாது, எனக்குத் தெரியும். என் முழங்கால் பரவாயில்லை. ஆனால் இங்கே வீட்டுக்கு வீடு படிக்கட்டு ஏணி மாதிரி நிற்கிறது.

போன வாரம் அப்படி ஒரு படிக்கட்டில்தான் மூச்சு வாங்க ஏறினேன். பிரின்சென்கிராக்ட் கால்வாய்க் கரையில் 263ஆம் எண் கட்டடம். நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க், ஹிட்லரின் நாஜிகளுக்குப் பயந்து குடும்பத்தோடு ஒளிந்திருந்த இடம். 1942 ஜூலையில் ஆன் குடும்பம் உள்ளே போனது, 1944 ஆகஸ்ட் 4ஆம் தேதி எல்லோரும் பிடிபட்டார்கள். மொத்தம் எட்டுப் பேர். பகலில் கீழே கிடங்கில் ஆட்கள் வேலை செய்வார்கள் என்பதால் கக்கூஸில் தண்ணீர்கூட விட முடியாது.

வந்தவர்கள் எல்லோரும் ஒளிவிடத்தின் வாசலை மறைத்த புத்தக அலமாரி முன்னால் நின்றுவிடுகிறார்கள். எனக்கு உன் ஞாபகம் வந்தது. யாராவது வழக்கத்தைவிட ஒரு படி அரிசி கூட வாங்கினால் போதும், "என்ன, ஊரிலிருந்து யாராவது வந்திருக்கிறார்களா?" என்று கேட்பாயே. நீ பாசத்தில் கேட்டதுதான். அந்த நாளில் இந்த ஊரில் ஒரு கடைக்காரர் நாலு பேர் காதில் விழும்படி அப்படிக் கேட்டிருந்தால், அத்தனை உயிரும் போயிருக்கும். 1943இலிருந்து யூதர் ஒருவரைப் பிடித்துக் கொடுத்தால் தலைக்கு 7.50 கில்டர் (அன்றைய டச்சுப் பணம்) சன்மானம். (ஏழரை! நம்மூர்ச் சனிக் கணக்குக்கும் பொருந்துகிறது.)

போர்க்காலம், ரொட்டி, வெண்ணெய் எல்லாம் ரேஷன் கூப்பனுக்குத்தான். ஒளிந்திருப்பவர்களுக்கு ஏது கூப்பன்? கூப்பனுக்குக் கள்ளத்தனமாக வழி பார்த்தவர்களில் ஒருவர் யான் கீஸ். அவர் மனைவி மீப் அதே கட்டடத்தில் இருந்த ஆனின் அப்பாவுடைய அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஒளிந்திருந்தவர்களுக்காகக் கடைக்குப் பை தூக்கிக்கொண்டு போனவர். இந்த மீப் பிறந்தது வியன்னாவில். முதல் உலகப் போருக்குப் பிறகு பட்டினியில் வாடிய பிள்ளைகளை உடம்பு தேறட்டும் என்று ஹாலந்துக்கு அனுப்பினார்களாம். அப்படி வந்த 11 வயதுப் பெண். சாப்பாடு போட்ட வீட்டிலேயே வளர்ந்துவிட்டார்.

பக்கத்தில் லெலிகிராக்ட் தெருவில் வான் ஹூவ என்பவரின் காய்கறிக் கடை. நாளாக நாளாக மீப் வாங்கும் அளவு ஒரு சின்னக் குடும்பத்துக்கானது அல்ல என்பது அவருக்குப் புரியாமலா இருந்திருக்கும்? வாயைத் திறக்கவில்லை. காய்களைத் தனியாக எடுத்து வைத்தார். உருளைக்கிழங்கு மூட்டையை அவரே கொண்டுவந்து போட்டார். தன் வீட்டிலும் இரண்டு யூதர்களை மறைத்து வைத்திருந்தார் என்பது 1944 மே மாதம் அவரைக் கைது செய்தபோதுதான் வெளியே வந்தது. அன்று ஆன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறாள்: இனிக் காலைச் சாப்பாடு கிடையாது, மதியம் கஞ்சியும் ரொட்டியும், ராத்திரி வறுத்த உருளைக்கிழங்கு. ஒரு கடைக்காரரைப் பிடித்துப் போனதில் எட்டுப் பேருக்கு ஒரு வேளை சோறு போயிற்று. மனிதர் முகாம்களில் வதைபட்டும் உயிரோடு திரும்பினார். மேலே இருந்த எட்டுப் பேரில் திரும்பியது ஒருவர் மட்டும், ஆனின் அப்பா.

வெளியே வந்ததும் லெலிகிராக்ட் பக்கம் நடந்தேன். கூப்பிடு தூரம்தான். மூட்டையோடு வந்தால் எத்தனை கண் பார்த்திருக்கும் என்று நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். குளிர் தாங்காமல் மகள் இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

உனக்கு எப்போதாவது தெரிந்தும் கேட்காமல் விட்ட கணக்கு உண்டா? வந்ததும் சொல். அடுத்த மாதம் 12ஆம் தேதி சென்னை வந்து இறங்குகிறோம். தங்கச்சிக்குச் சர்க்கரை என்பதால் சாக்லேட் வாங்கவில்லை. பாலாடைக்கட்டி பிடிக்குமா என்று கேட்டு எழுது.

உன்,
ராமு