மயில் கேட்டவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் தமிழ் நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்யும் குழுக்களின் தலைவர்கள், செயலாளர்கள், வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் போட்டு ஒப்புதல் தரும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கொஞ்ச நாளைக்கு முன் ஒரு கவிதை மாலைக்கு நாங்கள் சுவரொட்டி செய்து கொடுத்தோம். கடல் தாண்டி வந்தவர்களைப் பற்றிய கவிதைகள். ஆழ்ந்த நீலத் தாள். அதை முழுக்க அடைத்துக்கொண்டு 'அலை' என்ற ஒரே சொல். அதிலும் 'லை'யை இன்றைய வடிவில் எழுதாமல், யானை தும்பிக்கை தூக்கியதுபோல் ல-வின் முன்னால் சுழித்து நிற்கும் பழைய வடிவில் வரைந்திருந்தோம். அந்தச் சுழிப்பின் அடியில் நகக்கண் அளவுக்கு ஒரு படகு. அவ்வளவுதான்.

இரண்டு நாளில் பதில் வந்தது. நன்றாக இருக்கிறதாம், ஆனால் தமிழ்த்தன்மை கொஞ்சம் குறைவாம். மயில், குத்துவிளக்கு, இல்லாவிட்டால் ஒரு கோபுரம் சேர்க்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். பத்தில் ஒன்பது பங்கு தமிழ் எழுத்தாகவே இருந்த ஒரு தாளைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது.

மயிலைச் சேர்த்தோம். வேறென்ன செய்வது, மறுநாள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். தும்பிக்கையின் மேல் அது ஏறி உட்கார்ந்துகொண்டது. நிகழ்ச்சியன்று வாசலில் நின்ற பெரியவர் ஒருவர் சுவரொட்டியைப் பார்த்துவிட்டு, "முருகனுக்கு விழாவா தம்பி?" என்று கேட்டார்.

எந்தக் குழு என்று சொல்லப்போவதில்லை. இதைப் படிக்கும் நாலைந்து குழுக்களாவது தங்களைத்தான் சொல்கிறேன் என்று நினைக்கக்கூடும். அதனால்தான் ஒருவருக்கு மட்டும் எழுதாமல் எல்லாருக்கும் எழுதுகிறேன். அந்த 'அலை' எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட்டால், தமிழ்த்தன்மையைப் பற்றி நாம் பேசுவது கொஞ்சம் எளிதாகும் என்று தோன்றுகிறது.

நாங்கள் ஐந்து பேர். குழுவுக்குப் பெயர் கிடையாது. பெயர் வைக்கிறோம் என்று இரண்டு கூட்டம் சண்டை போட்டு, கடைசியில் விட்டுவிட்டோம். துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கும் அண்ணன், தொடக்கப்பள்ளியில் ஓவியம் கற்றுத்தரும் அக்கா, பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் பெண், ஒரு காலத்தில் சிராங்கூன் சாலைக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிய ஐயா, அப்புறம் பக்க வடிவமைப்பு செய்து பிழைக்கும் நான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை தேக்கா உணவங்காடியில் உட்காருவோம். மேசை நடுவில் ஒரு பழைய பிஸ்கட் டின். அந்த மாதம் கண்ணில் பட்டு மனசில் ஒட்டிக்கொண்ட ஏதாவது ஒன்றை ஆளுக்கொன்றாக அதில் போட வேண்டும். பிடித்திருக்கிறது என்று மட்டும் சொல்லக் கூடாது, அதிலிருந்து எதைத் திருடுவாய் என்று சொல்ல வேண்டும். இந்த விதியை வைத்தது ஐயா.

அண்ணன் போட்டது ஒரு கப்பலின் படம். 2021 மார்ச் 23ஆம் தேதி சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்டதே, எவர் கிவன், அதுதான். 400 மீட்டர் நீளம். நம் பக்கத்து வீட்டுத் துறைமுகமான தஞ்சோங் பெலேபாஸிலிருந்து ராட்டர்டாமுக்குப் போய்க்கொண்டிருந்தது. 29ஆம் தேதி அது மிதக்கும்வரை உலகத்துச் சரக்குப் போக்குவரத்தே மூச்சு முட்டிக் கிடந்தது. மற்றவர்கள் வணிகத்தையும் நட்டத்தையும் பற்றிப் பேச, அண்ணன் அந்தப் படத்தின் ஓரத்தைக் காட்டினார். கப்பலின் முகப்புக்குக் கீழே ஒரு சின்ன மண்வாரி இயந்திரம் கரையைத் தோண்டிக்கொண்டிருந்தது. "நான் தினமும் பெட்டிகளுக்கு மேலே உட்கார்ந்து பார்க்கிறேன். கீழே நிற்கிற ஆள் இவ்வளவுதான் தெரிவான். இந்த அளவைத்தான் திருடுவேன்" என்றார். எங்கள் சுவரொட்டியில் படகு நகக்கண் அளவுக்கு இருந்ததற்குக் காரணம் அழகல்ல, அந்த மண்வாரி.

அக்கா கொண்டுவந்தது ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலை. கைப்பையிலும் காப்பிக் குவளையிலும் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன படம் என்று நாங்கள் முகம் சுளித்தோம். அக்கா விடவில்லை. 1830களின் தொடக்கத்தில் அச்சான அந்தப் படத்தின் நீலம் ஜப்பானுடையதே இல்லை என்றார். பெர்லினில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்டு, வெளியிலிருந்து ஜப்பானுக்கு வந்து சேர்ந்த பிரஷ்யன் நீலம். உலகமே 'இதுதான் ஜப்பான்' என்று சொல்லும் படத்துக்குச் சாயம் பெர்லின் சரக்கு! பிறகு அதே வகை அச்சுப்படங்களைப் பார்த்துத்தான் ஐரோப்பிய ஓவியர்கள் தங்கள் பாணியை மாற்றிக்கொண்டார்கள். அந்த நீலத்தைத்தான் நாங்கள் தாள் முழுக்க ஊற்றினோம்.

தும்பிக்கை ஐயாவுடையது. 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு ஆணையிட்டது, பிறகு சிங்கப்பூரும் அதை ஏற்றுக்கொண்டது. ணை, லை, ளை, னை நான்கும் தும்பிக்கையை இழந்து, மற்ற எழுத்துகள் போல முன்னால் இணைக்கொம்பு போட்டுக்கொண்டன. படிக்கிற பிள்ளைகளுக்கு அது நல்லதுதான், ஐயாவே அப்படித்தான் சொல்வார். ஆனால் தூரிகைக்காரருக்கு அந்தச் சுழிப்பு ஒரு கொண்டாட்டமாம். கையை எடுக்காமல் ஒரே மூச்சில் இழுக்க வேண்டுமாம். டிஷ்யூ தாளில் பேனாவால் எழுதிக் காட்டினார். பக்கத்தில் அக்காவின் பேரலை கிடந்தது. இரண்டும் ஒரே வளைவு. மேசையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினோம்.

இப்போது சொல்லுங்கள், இதில் எது தமிழ், எது அயல்?

மயிலின் மேல் எனக்குக் கோபமில்லை. எங்கள் வீட்டுச் சாமி அறையிலேயே இரண்டு இருக்கின்றன. ஆனால் நீங்கள் கேட்கும் மயில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மயில். ஒரே வாரத்தில் நடந்த மூன்று நிகழ்ச்சிகளின் விளம்பரங்களில் அதே மயிலை, அதே திசையில் திரும்பி நிற்க, நான் பார்த்திருக்கிறேன். தமிழர் நிகழ்ச்சி என்று தூரத்திலிருந்து அடையாளம் தெரியும், சரி. உள்ளே நடப்பது கவிதையா, கண்ணாடி மீன் வளர்ப்பா என்று தெரியாது.

உங்கள் பணப்பையில் 50 வெள்ளி நோட்டு இருந்தால் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். இனத்துக்கு ஒன்றாக இசைக்கருவிகள் இருக்கும். நமக்கு வீணை. மலாய்க்காரரின் கொம்பாங் மேளம், சீனரின் பிப்பா என்ற நரம்புக்கருவி, வயலின் இவற்றோடு அது மரியாதையாக வரிசையில் நிற்கிறது. அதே பக்கத்தில் சியோங் சூ பியெங் வரைந்த, கருவாடு காயவைக்கும் ஓவியமும் இருக்கிறது. அவர் சீனாவின் சியாமெனில் பிறந்து 1946இல் இங்கே வந்தவர். 1952இல் மூன்று ஓவிய நண்பர்களோடு பாலித் தீவுக்குப் போனார். நீண்ட கை கால்களோடு அவர் வரைந்த பெண்களிடம் அந்த வட்டாரத்துத் தோல்பாவைகளின் சாயல் உண்டு. அவரிடம் யாராவது 'சீனத்தன்மை குறைகிறது, ஒரு டிராகன் போடுங்கள்' என்று சொல்லியிருந்தால் அந்தக் கருவாடு நமக்குக் கிடைத்திருக்குமா? வீணையையும் கருவாட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஒன்று அடையாள அட்டை, மற்றது ஓவியம்.

நம் ஆட்களும் இப்படித்தான் செய்திருக்கிறார்கள். 1988இல் எஸ். சந்திரசேகரன், கோ ஈ சூ, சாலே ஜப்பார் ஆகிய மூன்று கலைஞர்களும் சேர்ந்து 'திரிமூர்த்தி' என்ற கண்காட்சியை இங்கே நடத்தினார்கள். பெயர் நம்முடையது, இடம் ஜெர்மானியப் பண்பாட்டு நிலையம். குமாரி நாகப்பனின் சிற்பங்களை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். தேசிய அரும்பொருளகத்தின் வெளியே கிடக்கும் பிரம்மாண்டமான சிவப்பு மிளகாய், சாங்கி விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்தில் இருக்கும் சாகா விதை. அந்த விதையை நம் பாட்டிகள் ஆனைக்குண்டுமணி என்பார்கள். மலாய்க்காரருக்கும் அது பிள்ளைப் பருவத்து விதை, நமக்கும்தான். அதை யார் பக்கம் எழுதுவது?

இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இது என் டின் சாமான். சென்னைக்கு அருகே 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கினார்கள். ஓவியம் விற்காத அந்தக் காலத்தில் அவர்களுக்குச் சோறு போட்டவற்றில் ஒன்று பத்திக் துணி. ஜாவாவின் மெழுகுச் சாயக் கலை, மெட்ராஸ் ஓவியர்களின் அடுப்பை எரியவைத்தது. பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் சோழமண்டலக் கரையிலிருந்து பூப்போட்ட துணிகள் கப்பலேறி இந்தத் தீவுகளுக்கு வந்தன என்பதையும் சேர்த்து யோசித்தால், கொடுத்தது திரும்பி வந்தது என்றுகூடச் சொல்லலாம். கணக்குப் பார்க்க முடியாத கொடுக்கல் வாங்கல்.

கோலம் போடச் சொல்கிறீர்களே, அதிலும் ஒரு கதை உண்டு. 1970களில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் சக ஆய்வாளர்களும் வாசல் கோலத்தை எடுத்துக்கொண்டு கணினியியலுக்கான பட இலக்கணங்களை, அதாவது படம் உருவாகும் விதிகளை, எழுதினார்கள். எங்கள் கல்லூரிப் பெண்ணுக்கு அதில் பைத்தியம். 2020இல் கொரோனா முடக்கத்தின்போது உணவங்காடி மேசைகளிலும் நாற்காலிகளிலும் ஒட்டியிருந்த சிவப்பு வெள்ளை நாடாக்களைப் படம் பிடித்து வைத்திருக்கிறாள். உட்காராதே என்று சொல்லும் கோடுகள், வாங்க என்று சொல்லும் கோலத்தைப் போலவே புள்ளி பார்த்துப் புள்ளி விட்டு ஓடுகின்றன. அதை வைத்து அவள் ஏதோ செய்துகொண்டிருக்கிறாள். முடிந்ததும் உங்களிடம்தான் வருவாள். தயவுசெய்து அதில் குத்துவிளக்கு கேட்காதீர்கள்.

சரி, என்னதான் வேண்டும் என்கிறீர்களா? முதலில், எழுத்து. ஆங்கிலத்தில் எல்லாம் முடிந்து, விளம்பரதாரர்களின் சின்னங்களும் வரிசையாக நின்ற பிறகு, வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தமிழ் வாசகம் வரும். மிச்சம் இருக்கும் இடத்தில் எறும்பு அளவில் அதைத் திணிக்க வேண்டும். தமிழ் நிகழ்ச்சிக்கே இந்தக் கதி. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஆங்கிலத்துக்கு அளந்த சட்டைக்குள் அவை நுழையாது. தமிழை முதலில் கொடுங்கள், தாளின் அளவையும் அமைப்பையும் அதுவே சொல்லும்.

அடுத்து, பிழை பார்ப்பது. சொல் பட்டியலாக அனுப்பும்போது பார்த்துவிட்டுப் போதும் என்று விடுகிறீர்கள். கணினியின் உள்ளே 'பெ' என்றால் எழுத்து முதலிலும் கொம்பு பிறகும்தான் சேமிக்கப்படுகிறது. இடம் மாற்றி முன்னால் காட்டுவது மென்பொருளின் வேலை. வடிவமைப்பு மென்பொருளில் ஒரு தேர்வை மாற்ற மறந்தால் கொம்பு பின்னால் போய் நிற்கும், 'பொங்கல்' வாயில் நுழையாத வேறெதோ ஆகிவிடும். இந்த ஊரில் பொது இடத்து அறிவிப்புகளில் அப்படி உடைந்த தமிழைப் பார்த்து நாமே எத்தனை முறை படம் பிடித்துப் பொங்கியிருக்கிறோம்! அச்சுக்குப் போகும் கடைசிக் கோப்பை, தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். அதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள், அவருக்கும் சம்பளம் கொடுங்கள்.

இந்த வலி புரியாத ஊரல்ல இது. சிறுகதை எழுதியவரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி, 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் இணையத்தில் ஏறியபோது தமிழ்ப் பக்கங்களும் திரையில் தெரியப் பாடுபட்டவர். 1997 மே மாதம் தமிழ்நெட் 97 மாநாடு நடந்ததும் இங்கேதான். விசைப்பலகை எப்படி இருக்க வேண்டும், குறியீடு எப்படி இருக்க வேண்டும் என்று உலகத் தமிழர்கள் இங்கே கூடி வாதாடினார்கள். மயில் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அங்கே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மூன்றாவது சின்னதுதான். என்ன படம் போட வேண்டும் என்று சொல்லாமல், அந்த மாலையில் என்ன நடக்கும், யார் வர வேண்டும், வந்தவர் எந்த நினைப்போடு வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லுங்கள். நாங்கள் கொண்டுவருவது பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே சொல்லுங்கள். சண்டை போட்டுப் பழகியவர்கள்தான். 'தமிழ்த்தன்மை குறைவு' என்ற பதிலோடு மட்டும் எப்படிச் சண்டை போடுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அந்தச் சுவரொட்டியின் மயில் இல்லாத பிரதி ஒன்று ஐயா வீட்டில் மாட்டியிருக்கிறது. பேரன் அதைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது என்ன எழுத்து?" என்று கேட்டானாம். டிஷ்யூ தாளை எடுத்து ஐயா மறுபடியும் ஆரம்பித்திருக்கிறார்.

வரும் மாதம் கடைசிச் சனிக்கிழமை, மாலை ஐந்து மணிக்கு, தேக்காவில் இருப்போம். பிஸ்கட் டின்னைப் பார்த்தால் எங்களைக் கண்டுபிடித்துவிடலாம். குழுவிலிருந்து யாராவது ஒருவர் வாருங்கள், தே தாரிக் எங்கள் செலவு. டின்னில் போட ஏதாவது ஒன்று கொண்டுவர வேண்டும். மயிலாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் அதிலிருந்து எதைத் திருடுவீர்கள் என்று ஐயா கேட்பார்.

இப்படிக்கு,
ஐவர் சார்பில், பக்க வடிவமைப்பு செய்பவன்