அண்ணனின் டிஸ்குகளுக்கு ஒரு செட்

ராயபுரம்,
ஜூன் 18

அன்பு நண்பனுக்கு,

தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பிவிட்டன. காலையில் காசிமேட்டில் சங்கரா வாங்கிக்கொண்டு வீடு வந்தபோது உன் கடிதம் கிடந்தது. கையைக் கழுவிக்கொண்டு நின்றபடியே படித்துவிட்டேன். அண்ணன் கப்பல் வேலையை முடித்துக்கொண்டு ஓசூரில் உன்னோடு வந்து தங்கிவிட்டார் என்பது எத்தனை நல்ல செய்தி! அம்மாவிடம் சொன்னேன். "இனியாவது அந்தப் பிள்ளை நேரத்துக்குச் சாப்பிடட்டும்" என்றார்கள். அண்ணனுக்கு அறுபது ஆகப்போகிறது. அம்மாவுக்கு அவர் இன்னும் பிள்ளைதான்.

அவருடைய தகரப் பெட்டியில் பிளேஸ்டேஷன் என்ற டிவி விளையாட்டுக் கருவிக்கான டிஸ்குகள் நாற்பது இருக்கின்றன, பாதி யோகஹாமாவில் வாங்கியவை, மீதி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாங்கியவை, எல்லாவற்றையும் ஓட்ட ஒரே செட் எது என்று கேட்டிருக்கிறாய். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம் ஊர் மின்சாரத்துக்கு ஏற்ற பழைய முதல் பிளேஸ்டேஷன், உள்ளே சிப் போட்டது. புதிதாகத் தேடி அலைய வேண்டாம்.

சோனி அந்த செட்டை 1994 டிசம்பரில் ஜப்பானில் வெளியிட்டது; 1995 செப்டம்பரில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும். மூன்று பகுதிக்கும் தனித்தனிப் பூட்டு. அசல் டிஸ்கின் உள்விளிம்பில் தடத்தை மிக நுண்ணிதாக நெளியவிட்டு, அந்த நெளிவுக்குள் நான்கு எழுத்துகளைப் பொதிந்திருக்கிறார்கள். ஜப்பான் என்றால் எஸ்.சி.இ.ஐ., அமெரிக்கா என்றால் எஸ்.சி.இ.ஏ., ஐரோப்பா என்றால் எஸ்.சி.இ.இ. தன் பகுதியின் எழுத்து வராவிட்டால் செட் டிஸ்கை ஏற்காது. வீட்டுக் கணினியில் நகலெடுத்தால் அந்த நெளிவு நகலில் வராது. திருட்டு நகலைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் துறைமுகம் துறைமுகமாக இறங்கி, சம்பளப் பணத்தில் அசல் டிஸ்காகப் பார்த்துப் பார்த்து வாங்கிய மனிதரையும் அதே பூட்டு வாசலில் நிறுத்திவிட்டது. இது எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை.

சிப் செய்வது இவ்வளவுதான்: செட் எதிர்பார்க்கும் அந்த எழுத்துகளைத் தானே சொல்லிவிடும். பர்மா பஜாரில் நகல் டிஸ்குக்காகவே சிப் போட்டு விற்றார்களே, நினைவிருக்கிறதா? வண்ணாரப்பேட்டையில் நாம் மணிக்கணக்கு வாடகைக்கு ஆடிய கடையில் இருந்த செட்டும் அப்படித்தான். அன்று நகலுக்காகப் போட்ட சிப் இன்று அண்ணனின் அசல் டிஸ்குகளுக்கு உதவப்போகிறது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பழைய சிப்புகள் அந்த எழுத்துகளை ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். பிந்தைய காலத்து விளையாட்டுகள் சில அதைக் கண்டுபிடித்து நின்றுவிடும். தொடக்கத்தில் சொல்லிவிட்டு அடங்கிவிடும் சிப்பும் உண்டு. அதைத்தான் தேட வேண்டும்.

ஜப்பானிலிருந்து வந்த செட் குறைந்த விலைக்குக் கிடைத்தாலும் வாங்காதே. அங்கே 100 வோல்ட், நமக்கு 230. பத்தொன்பது வயதில் நான் ஒன்று வாங்கினேன். விற்றவர் சொல்லவில்லை, நானும் பின்பக்கத்து எழுத்தைப் படிக்கவில்லை. செருகிய மறுநொடி கருகிய வாடை வந்தது. மூன்று மாதம் சேர்த்த பணம். அன்றிலிருந்து எந்த மின்சாதனமானாலும் முதலில் அதன் பின்பக்கத்தைத்தான் படிக்கிறேன்.

அடுத்தது டிவி. ஐரோப்பிய டிஸ்க் 50 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 50 முறை படத்தை மாற்றி ஓடும், மற்ற இரண்டும் 60-ல். நம் ஊர் செட்டில் ஜப்பான் டிஸ்கைப் போட்டு, சாதாரண மஞ்சள் கம்பியில் இணைத்தால் பல டிவிகளில் படம் கறுப்பு வெள்ளையாக வரும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று அண்ணன் மனம் உடைந்துவிடக் கூடாது, முன்பே சொல்லிவை. நிறங்களைத் தனித்தனியாக அனுப்பும் ஆர்.ஜி.பி. கம்பி வாங்கி, அதை எச்.டி.எம்.ஐ.யாக மாற்றும் சிறு பெட்டி வழியாக இணைத்தால் நிறம் வந்துவிடும். ஒரே விளையாட்டு இரண்டு நாட்டுப் பதிப்பாக இருந்தால் ஐரோப்பியதை ஒதுக்கிவிடுங்கள். அவற்றில் பலவற்றை 50-க்குத் தகுந்தபடி திருத்தாமலேயே விற்றார்கள். ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, கார் சேற்றில் போவதுபோல் போகும்.

பிளேஸ்டேஷன் 3 வாங்கினால் எல்லாம் ஓடும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். அதில் பாதிதான் உண்மை. அதற்கென்றே வந்த விளையாட்டுகளில் அநேகமாக எதற்கும் நாட்டுப் பூட்டு இல்லை. முதல் பிளேஸ்டேஷன் டிஸ்கையும் அது படிக்கும், ஆனால் தன் பகுதி டிஸ்கை மட்டுமே. 2021-ல் வந்த பாலிமெகா என்ற செட் எந்த நாட்டு டிஸ்கையும் ஏற்கும், சேகா நிறுவனத்தின் பழைய சாட்டர்ன் செட்டின் டிஸ்கையும்கூட. ஆனால் அது பழைய செட்டைப்போல் நடிக்கும் புதிய கருவி; வெளிநாட்டிலிருந்து தருவிக்கவும் வேண்டும். அண்ணனுக்கு அந்தப் பழைய சாம்பல் பெட்டியும், மூடியைத் திறந்து டிஸ்கை விரலால் அழுத்தும் அந்த ஓசையும் வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நம் கடலோரத்தில் பழைய செட் வாங்குவதில் ஒரு கவலை உண்டு. உப்புக் காற்று. வெளியே பளபளவென்று இருக்கும், திறந்தால் திருகெல்லாம் துரு. லென்ஸ் நகரும் தடமும் தேய்ந்திருக்கலாம். முதலில் வந்த செட்டுகளில் அது பிளாஸ்டிக். தேய்ந்துபோனவற்றைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து ஆடியவர்களை நீயும் பார்த்திருக்கிறாய். அதனால் அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டேன்.

ஞாயிறு காலை பர்மா பஜார் பக்கம் போகிறேன். அதற்குள் நீ ஒன்று செய்ய வேண்டும். ஒவ்வொரு டிஸ்கின் உறையிலும் ஓர் எண் இருக்கும். எஸ்.எல்.பி.எஸ். என்று தொடங்கினால் ஜப்பான், எஸ்.எல்.யூ.எஸ். என்றால் அமெரிக்கா, எஸ்.எல்.இ.எஸ். என்றால் ஐரோப்பா. மூன்றாகப் பிரித்து எழுதி அனுப்பு. அந்த ஜப்பானிய ரயில் ஓட்டும் விளையாட்டும் பெட்டியில் இருக்கிறதா என்று பார். ராயபுரம் பாலத்தின்மேல் நம்மை நிறுத்திச் சரக்கு ரயிலின் பெட்டிகளை எண்ணவைத்தவர் அண்ணன். அதை வாங்காமல் வந்திருக்க மாட்டார். இருந்தால் அந்த ஒரு டிஸ்கை மட்டும் கூரியரில் அனுப்பு. அதைப் போட்டுப் பார்த்து, ரயில் கிளம்பிய பிறகுதான் பணம் கொடுப்பேன்.

உன்,
பழைய வகுப்புத் தோழன்