ஸ்பூல் பெட்டிகளைத் திறக்கும் முன்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பழைய வானொலி ஸ்பூல்கள் (ஒலிநாடாச் சுருள்கள்) பெட்டி பெட்டியாக வந்திருக்கின்றன, இன்னும் ஒன்றையும் மிஷினில் மாட்டவில்லை என்று எழுதியிருந்தாய். நல்லவேளை!

முதலில் ஸ்பூலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பக்கவாட்டில் பார். நாடா இரண்டு வகைப் பிளாஸ்டிக்கில் வரும்: நாடாச் சுற்றின் ஊடே வெளிச்சம் கசிந்தால் பெரும்பாலும் அசிட்டேட், அடைத்துக்கொண்டால் பாலியஸ்டர். வினிகர் வாடை அடிக்கிற அசிட்டேட்டைத் தனி அறைக்கு மாற்று, அந்த ஆவி பக்கத்துப் பெட்டியையும் கெடுக்கும். அசிட்டேட் அறுந்தால் பயப்படாதே, நறுக்கென்று அறும், ஒட்டிவிடலாம். பாலியஸ்டர்தான் இழுபட்டு நீண்டுவிடும். அந்த இடத்துக் குரல் போனது போனதுதான்.

எழுபதுகளின் நடுவிலிருந்து வந்த, முதுகில் கறுப்புப் பூச்சுள்ள நாடாக்களில் (ஆம்பெக்ஸ் கம்பெனியின் 406, 456 போன்றவை) காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை, காற்றின் ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுத்திருக்கும். அப்படியே ஓட்டினால் கீச்சென்று கத்தும், நாடாவைப் படிக்கும் ஹெட்டில் பழுப்பாக அப்பும். அப்பியிருப்பது அழுக்கு இல்லை, பதிவேதான். கால் அங்குல நாடா என்றால் 54 டிகிரி செல்சியஸில் 8 மணி நேரம் சூடாக்கு, நடுவில் ஒருமுறை புரட்டிப் போடு, அதே அளவு நேரம் ஆறவிடு. காய்கறி உலர்த்தும் டீஹைட்ரேட்டர் போதும். சமையல் ஓவன் வேண்டாம், அதில் சூடு ஏறி இறங்கும். பிறகு சில வாரம் ஒழுங்காக ஓடும், அதற்குள் கணினியில் பதிந்துவிடு. அசிட்டேட்டை மட்டும் சூட்டில் வைக்கவே கூடாது.

ஒவ்வொரு ஸ்பூலுக்கும் அசிமத் திருகை (ஹெட்டின் சாய்வைச் சரிசெய்யும் திருகு) தொட்டு, 'ஸ', 'ச' கூர்மையாக விழும் இடத்தில் நிறுத்து. கணினியில் பதியும் தரம் 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். மோனோ (ஒற்றைத் தடம்) என்றால் ஒரு மணி நேரப் பதிவுக்கு 1 ஜிபிக்குச் சற்று மேல் இடம் பிடிக்கும். இரைச்சல் நீக்குவதெல்லாம் அந்தப் பதிவின் நகலில்.

புதையல் எங்கே இருக்கும் என்று கேட்டாயே, பெட்டி மேல் எழுதியதை நம்பாதே, கணக்குப் போடு. 7 அங்குல ஸ்பூலில் 1200 அடி. விநாடிக்கு 7½ அங்குல வேகத்தில் 32 நிமிடம். பெட்டியில் '15 நிமிடம், உழவர் நிகழ்ச்சி' என்று இருந்தால் மிச்சம் 17 நிமிடத்தில் என்ன? நாடா விலை கூடின காலத்தில் பழையதன் மேலேயே பதிவார்கள். மொத்தமாக அழிக்கும் காந்தத்தில் வைத்து எடுத்திருந்தால் வெறும் இரைச்சல்தான். சோம்பல்பட்டு நேராகப் பதிந்திருந்தால், புதியது முடிந்த இடத்தில் முந்தைய கச்சேரியோ நாடக ஒத்திகையோ பாதியிலிருந்து எழும். அந்தச் சோம்பேறிகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அதனால் அறிவிப்பாளர் விடைபெற்றதும் ஸ்டாப்பை அழுத்தாதே. நாடாவின் வால் நழுவிப் பட்பட்டென்று அடிக்கும்வரை ஓடட்டும்.

அன்புடன்,
ராகவன்