தலைதட்டிய கரண்டி: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

சென்ற மாதம் இடைவேளையின்போது ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, இருமிக்கொண்டிருந்த தன் தோழிக்கு ஒரு சிறிய புட்டியிலிருந்து இரண்டு கரண்டி இஞ்சித் தேன் கொடுத்திருக்கிறாள். அவளே வீட்டில் செய்தது. இஞ்சியைத் துருவிப் பிழிந்து, சாற்றைச் சற்று நேரம் அசையாமல் வைத்து, அடியில் படிந்த வெள்ளை மாவை விட்டுவிட்டுத் தெளிவை மட்டும் இறுத்துத் தேனில் கலந்ததாக என்னிடம் விளக்கினாள். பத்து வயதுக் குழந்தையின் வாயிலிருந்து இவ்வளவு பக்குவம் வந்ததைக் கேட்டு மகிழ்ந்தேன். ஆனால், "எத்தனை நாளைக்கு முன் செய்தாய்?" என்று கேட்டபோது அவளுக்குத் தெரியவில்லை. தோழிக்கு ஏதேனும் ஒவ்வாமை உண்டா என்பதும் தெரியவில்லை. தோழிக்கு ஒன்றும் ஆகவில்லை. என்றாலும் அன்று மாலை அவளோடும் அவள் அம்மாவோடும் நெடுநேரம் பேசினேன். இந்தக் கடிதம் அந்தப் பேச்சில் பிறந்தது.

புட்டிகளை வாங்கி வைத்துக்கொண்டு, இனிமேல் இப்படிச் செய்யாதே என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தன் உணவையும் எளிய கைவைத்தியத்தையும் தானே செய்துகொள்ளத் தெரிந்த பிள்ளை வாழ்நாள் முழுவதும் அதன் பயனை அனுபவிக்கும். ஆகவே அடுத்த மாதத்திலிருந்து வெள்ளிக்கிழமைகளின் கடைசி இரண்டு பாடவேளைகளில், நான்கு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்களுக்குச் சமையலறைப் பாடம் நடத்தவிருக்கிறோம். அறிவியல் ஆசிரியர்களும் நானும் எல்லாவற்றையும் முதலில் செய்து பார்த்தோம்.

முதல் பாடம், வயிற்றுப்போக்கின்போது கொடுக்கும் உப்பும் சர்க்கரையும் கலந்த நீர். இதைவிடச் சிறந்த தொடக்கம் எனக்குத் தோன்றவில்லை. 1971-இல் வங்கதேசப் போரின்போது, எல்லையோரம் போங்காவில் இருந்த அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகலநோபிஸ், உப்பும் சமையல் சோடாவும் குளுக்கோசும் கரைத்த நீரைப் பீப்பாய்களில் வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே புகட்டச் சொன்னார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. சிறுகுடலில் குளுக்கோஸ் உள்ளே போகும்போது உப்பிலுள்ள சோடியத்தையும் கூடவே அழைத்துச் செல்கிறது; அவற்றின் பின்னால் தண்ணீரும் போகிறது. வெறும் தண்ணீரால் ஆகாத வேலை இது.

மருந்துக்கடைப் பொட்டலம் கிடைத்தால் அதுவே நல்லது. கிடைக்காதபோது, கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் சர்க்கரை 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. எல்லாம் தலைதட்டிய அளவு. ஒத்திகையில் ஓர் ஆசிரியர் உப்பைக் குவித்து அள்ளினார். இன்னொருவர் கத்தியின் முதுகால் கரண்டியை வழித்து அள்ளினார். இரண்டையும் தராசில் வைத்தோம். வழித்தது ஏறக்குறைய 6 கிராம், குவித்தது 10 கிராம். கரண்டி ஒன்றுதான், கை மட்டும் வேறு. உப்பு மிகுந்தால் ஏற்கெனவே நீர் வற்றிய குழந்தைக்கு அதுவே ஆபத்து. சர்க்கரை மிகுந்தால் வயிற்றுப்போக்கு கூடும். கலந்த நீரை நாக்கில் விட்டுப் பார்த்தால் கண்ணீரைவிட அதிகமாகக் கரிக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குப் பிறகு மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். குழந்தை அழும்போது கண்ணீர் வராவிட்டாலோ, கண் உள்வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, துவண்டு கிடந்தாலோ மருத்துவரிடம் உடனே போக வேண்டும். இந்த அறிகுறிகளையும் பிள்ளைகள் தங்கள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

இரண்டாம் வாரம் தயிர். காய்ச்சிய பாலை மூன்று கிண்ணங்களில் ஊற்றி, ஒன்றில் 60 டிகிரியிலும், ஒன்றில் 43 டிகிரியிலும், ஒன்றில் நன்றாக ஆறிய பிறகும் உறை ஊற்றினோம். மறுநாள் காலை நடுக்கிண்ணத்தில் மட்டும் கத்தியால் வெட்டினால் நிற்கும் தயிர். சூடு மிகுந்ததில் நுண்ணுயிர்கள் மடிந்துவிட்டன, ஆறியதில் அவை இன்னும் சோம்பிக் கிடந்தன. "கை பொறுக்கும் சூடு" என்று பெரியவர்கள் சொல்வதற்கு வெப்பமானி வைத்து அர்த்தம் கண்ட மகிழ்ச்சி எங்களுக்கு.

முளைகட்டிய பயறு மூன்றாம் வாரம். ஊறவைத்து முளைவிட்ட பயற்றில் வைட்டமின் சி கூடுகிறது, இரும்புச்சத்தைப் பிடித்துவைத்திருக்கும் பைட்டேட் குறைகிறது. ஆனால் முளை வளரத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிகளுக்கும் உகந்தவை. ஆகவே பள்ளியில் ஆவியில் வேகவைத்த பிறகே கொடுப்போம். வீட்டிலும் சிறு பிள்ளைகளுக்கு அப்படியே செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இனி, மனத்தை உறுத்தும் விஷயம். இயற்கையானது என்றாலே தீங்கில்லாதது என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக இருக்கிறது. ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு இரவு இருமலைத் தேன் ஓரளவு தணிக்கும். அதே தேனை ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு ஒரு துளியும் தரக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்னும் பாக்டீரியாவின் விதைத்துகள்கள் பச்சிளம் குடலில் முளைத்து நரம்பைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம். சாதாரணமாகச் சூடாக்கினால் அவை அழிவதில்லை. கற்பூரம் சிறிதளவு வயிற்றுக்குள் போனாலும் குழந்தைக்கு வலிப்பு வரலாம். தீக்காயத்தில் எண்ணெய், வெண்ணெய், பற்பசை எதையும் தடவ வேண்டாம். குழாய்நீரை 20 நிமிடம் ஓடவிடுவதுதான் முதலுதவி. வீட்டில் தம்பி தங்கை உள்ள மாணவர்கள் இதை எடுத்துச் சொல்வார்கள். தயவுசெய்து காது கொடுங்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டு இவற்றில் எதையும் அதற்குப் பதிலாகத் தர வேண்டாம்.

பள்ளிக்குள் ஒரே ஒரு விதி: வீட்டு மருந்தையோ கடை மருந்தையோ எந்த மாணவரும் இன்னொரு மாணவருக்குக் கொடுக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை செய்ததை வீட்டுக்குக் கொண்டுவரும்போது புட்டியில் பெயர், சேர்த்த பொருட்கள், செய்த தேதி மூன்றும் ஒட்டியிருக்கும். தேதி இல்லாத புட்டியை நீங்களும் ஏற்க வேண்டாம்.

இத்துடன் ஒவ்வாமைப் படிவம் இணைத்திருக்கிறேன். பால், வேர்க்கடலை, எள், முட்டை, கோதுமை என எதுவாயினும், ஒருமுறைதான் தடித்தது என்றாலும், எழுதுங்கள். வரும் வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் படிவம் சேர வேண்டும். படிவம் வராத பிள்ளைகள் வெள்ளிக்கிழமைப் பாடத்தில் அளப்பதிலும் குறிப்பெடுப்பதிலும் மட்டும் பங்குகொள்வார்கள்.

வீட்டுப் பெரியவர்களில் யாரேனும் வந்து செய்து காட்ட விரும்பினால், படிவத்தின் கீழே பெயரை எழுதியனுப்புங்கள். கண்ணளவாகவும் கையளவாகவும் போட்டே பழகியவர்களாயிருந்தாலும் தயங்க வேண்டாம். பக்கத்தில் ஒரு மாணவர் தராசோடு நிற்பார். நீங்கள் அள்ளுவதை எடைபோட்டுப் பலகையில் எழுதுவார்.

அன்புடன்,
தலைமையாசிரியர்